காலனுக்கு எத்தனை மைல்

முதல் வாரம், காலனுக்குப் பதின்மூன்று.
மாட்டு ஏலக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி வைத்தேன்.
வான் டாசலிலிருந்து கேஸ்பர் நூற்று இருபத்தைந்து மைல்.
போக ஒன்று, வர ஒன்று.
செவ்வாய், வியாழன், சனி.
பெருக்கிப் பார்த்தால்
மாதம் ஒரு கன்றுக்குட்டியை
டாங்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிக்கப்பின் பின்தட்டில்
பனிக்காலத்துக்குப் போட்ட மணல் மூட்டை நான்கு,
ஜூன் பிறந்தும் இறங்காமல்.
இறக்கினேன்.
வேலிக்கம்பி இழுக்கும் கருவி, அறுந்த சங்கிலி,
இரும்புப் பெட்டி, அதற்குள்
எந்த இயந்திரத்தினுடையவை என்றே மறந்துபோன போல்ட்டுகள்,
எல்லாம் கொட்டகைக்குப் போயின.
டயரில் முப்பத்தைந்து இருக்க வேண்டிய காற்று
இருபத்தாறு.

பின்கதவைத் தொங்கவிட்டால் காற்று வழுக்கி ஓடும் என்று
தீவனக் கடையில் நாலு பேர் சொன்னார்கள்.
இரண்டு டாங்க் திறந்து ஓட்டினேன்,
இரண்டு டாங்க் மூடி ஓட்டினேன்.
மூடியதுதான் ஜெயித்தது.
நாலு பேரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து.

அடுத்தது வேகம். கசப்பு மருந்து.
எழுபதில் போய்ப் பழகிய கால்
ஐம்பத்தைந்தில் நடுங்கியது.
எண்ணெய் லாரிக்காரர்கள் ஹாரனால் திட்டிவிட்டுத் தாண்டினார்கள்.
ஒவ்வொரு பயணத்துக்கும் அரைமணி கூடியது.
அந்த அரைமணியை என்ன செய்வதென்று
எனக்கும் தெரியவில்லை,
பக்கத்து இருக்கையில் ஆர்லோவுக்கும் தெரியவில்லை.
ஓடையோரப் புல்வெளியை அவன் விற்றதிலிருந்து
பதினோரு வருடமாக எங்களிடம் இருந்தவை
ஒரு கையெழுத்துக்கும் ஒரு சாவுக்கும்
தேவையான சொற்கள் மட்டும்.

முதலில் ரேடியோ போட்டோம்.
லாஸ்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் அது இரைந்தது.
பிறகு கவைக்கொம்பு மான்களை எண்ணினோம், தனித்தனியாக.
பிறகு அவன் என் காலைக் கவனிக்க ஆரம்பித்தான்.
"இறக்கம் வருது. காலை எடு, ஐனா."
"எடுத்துட்டேன்."
"இன்னும் முன்னாடி எடுக்கணும்."

ஜூலையில் ஒருநாள் டக்ளஸ் பங்க்கில் இறங்கியவன்
வண்டியைச் சுற்றி வந்து
முன்சக்கரம் ஒவ்வொன்றிடமும் கையை நீட்டினான்,
மாட்டின் மூக்கைப் பார்ப்பதுபோல.
"இந்தப் பக்கம் கொதிக்குது."
மறுபக்கம் சும்மா வெதுவெதுப்பு.
லஸ்க்கில் டெல்பர்ட் கழற்றிக் காட்டினான்:
பிஸ்டன் துருவேறி உறைந்து,
பிடித்த பிரேக் விடவே இல்லை.
"மிதிக்காமலே மிதிச்சுக்கிட்டு ஓட்டியிருக்கீங்க.
வருஷக்கணக்கா இருக்கும்."
இருநூறு டாலர்.
ஆர்லோ மேற்கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் பணத்தை இரண்டு முறை எண்ணினேன்.

பதினேழரை.

போகும்போதைவிட வரும்போது கணக்கு எப்போதும் நன்றாக வந்தது.
"நான்தான் காரணம்" என்றான்.
"போறப்ப என் உடம்புல மூணு லிட்டர் தண்ணி கூடுதல்.
அதை மெஷினுக்குக் கொடுத்துட்டு லேசா வர்றேன்."
மூன்று லிட்டர் ஒரு பூனைக்குக்கூடக் காணாது.
காரணம் காற்று என்றேன்.
மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும்,
வேலி முள்ளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகள் எல்லாம்
கிழக்கு காட்டும் காற்று.
குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன்,
வாரம் மூன்று முறை: காற்று, காற்று, காற்று.

செப்டம்பரில் ஒரு வியாழன், காற்று செத்துவிட்டது.
தபால் நிலையக் கொடி ஈரத்துணியாய்த் தொங்கியது.
போகும்போது பதினெட்டு.
வரும்போது பதினெட்டும் கொஞ்சமும்.
கேஸ்பர் எங்களைவிட நானூறு அடி உயரம்.
எனக்கு அது தெரியும்.
கைக்கட்டில் சிவப்புப் பொட்டு ஒன்று பரவ,
வாய் திறந்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
லஸ்க்கில் டாங்க் நிரப்பி, காரணம் என்ற கட்டத்தில்
'ஆர்லோ, மூன்று லிட்டர்' என்று எழுதி
குறிப்பேட்டைச் சட்டென்று மூடினேன்.

எங்கள் வாயிற்கதவுக்கு அரை மைல் முன்பே
காலை எடுத்துவிட்டேன்.
வண்டி தானாக உருண்டது,
சரளையில் ஒவ்வொரு கல்லும் கேட்டது.
கண்ணைத் திறக்காமலே அவன் சொன்னான்:
"இன்னும் முன்னாடி."